இலை அசையாத நாளில் விழுந்த கொடி

ரிலே பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் எர்த் ஃபால்ட் பாதுகாப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். செட்டிங் எவ்வளவு வைப்பது, நேரம் எவ்வளவு வைப்பது எல்லாம் உங்கள் கையில் இருக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் மறுபடி வாசித்துக் காட்டினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், பின்னாலேயே நானும் விடுவேன். அதனால் ஒரு பலா மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்பதுகளில் நடந்தது. நான் அப்போது ஊட்டியில் இருந்தேன். மலை முழுவதும் இருந்த துணைமின் நிலையங்களின் ரிலேக்களைச் சோதிப்பது என் வேலை. ஒரு பெரிய மரப்பெட்டியில் சோதனைக் கருவி, ஒரு ஜீப், எந்நேரமும் வெற்றிலை போடும் ஒரு டிரைவர். அந்தப் பிரிவில் பெண் என்று நான் ஒருத்திதான். முதல் முறை போகிற இடத்திலெல்லாம் "இன்ஜினியர் வரலீங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். "பின்னாடி வர்றார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்கிவிடுவேன். பாதி வேலை முடியும்போது அவர்களுக்கே புரிந்துவிடும்.

கூடலூர்ப் பக்கம் ஒரு துணைமின் நிலையம். அதிலிருந்து பதினோராயிரம் வோல்ட் லைன் இரண்டு கிளம்பின. ஒன்று நாடுகாணி திசையில் காட்டுக்குள் போனது. அதைக் காட்டு லைன் என்பார்கள். இன்னொன்று எதிர்ப்பக்கச் சரிவில் தேயிலைத் தோட்டங்களுக்குள் இறங்கியது. அது தோட்டத்து லைன். ஒவ்வொரு லைனுக்கும் ஓர் எர்த் ஃபால்ட் ரிலே. லைன் அறுந்து விழுந்தாலோ, மரம் சாய்ந்து கம்பியைத் தொட்டாலோ மின்சாரம் மண்ணுக்குள் ஓடும். ஓடுவது ஓர் அளவைத் தாண்டியதும் ரிலே பிரேக்கருக்குச் சொல்லி லைனை நிறுத்திவிடும். நிறுத்தியது நான்தான் என்று காட்ட, ரிலேயின் கண்ணாடிக்குள் ஒரு சின்ன ஆரஞ்சுத் தகடு விழும். அதைத்தான் நாம் கொடி என்கிறோம். எந்த ரிலேயில் கொடி விழுந்திருக்கிறதோ அந்த லைனில் கோளாறு. இதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை, எனக்கும் சேர்த்து.

அந்த வருடம் தென்மேற்கு மழை பிடித்ததிலிருந்து தோட்டத்து லைன் பாடாய்ப் படுத்தியது. காற்றும் மழையுமாக அடிக்கிற நாளில் கொடி விழும், லைன் நிற்கும். ஆபரேட்டர் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். ஆட்கள் அட்டைக் கடியோடு லைன் முழுக்க நடந்து பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லீங்க" என்று திரும்புவார்கள். மறுபடி போட்டதும் ஓடுகிற லைனுக்கு எங்கள் மலையில் ஒரே தீர்ப்புதான்: கிளை உரசியிருக்கிறது, உரசிவிட்டு விலகியிருக்கிறது. கிளை உரசினால் மரத்தை ஒழுங்காக வெட்டவில்லை. மரத்தை வெட்டவில்லை என்றால் லைன் இன்ஸ்பெக்டர் தூங்குகிறார்.

அந்த லைன் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமி. சொந்த வீடு ஊட்டி காந்தலில், வேலையும் குவார்ட்டர்ஸும் கூடலூரில். ஒல்லியான ஆள், மழைக்கோட்டு போட்டால் கோட்டு மட்டும் தனியாக நடந்து வருவதுபோல் இருக்கும். ஓய்வுக்கு அதிக நாள் இல்லை. தேயிலை ஃபாக்டரிக்காரர்கள், வாட வைத்த கொழுந்து வீணாகிறது என்று மேலிடம் வரை புகார் கொண்டுபோக, கோட்டப் பொறியாளர் அவரை சஸ்பெண்ட் செய்ய முடிவு பண்ணிவிட்டார். ஓய்வு நெருங்கும் நேரத்தில் சஸ்பெண்ட் ஆனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பென்ஷன் தொங்கும், குவார்ட்டர்ஸ் போகும், இத்தனை வருட உழைப்புக்கும் கடைசியில் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

என்னைக் கூப்பிட்டது அவரைக் காப்பாற்ற இல்லை. உத்தரவு போடுவதற்கு முன் ரிலே சரியாக இருக்கிறது என்று ஒரு கையெழுத்து வேண்டும். அது இருந்தால் குற்றம் லைன் மேலேதான் என்பது உறுதி. "ரிலே சரின்னு எழுதிக் குடுங்கம்மா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் கோட்டப் பொறியாளர். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்கள் அவரைப் பிடுங்கினார்கள், அவர் கீழே பிடுங்கினார்.

நான் போன நாளில் மழை விட்டிருந்தது. ஆடி மாதத்து நடுவில் மலை திடீரென்று கண்ணைத் திறக்குமே, அப்படி ஒரு வெயில். காலையில் தோட்டத்து லைனை நிறுத்தி, ரிலேக்குள் மின்னோட்டம் செலுத்திப் பார்த்தேன். எந்த அளவில் வேலை செய்ய வேண்டுமோ அந்த அளவில் செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி லைனைப் போடச் சொல்லிவிட்டு, அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

டமார் என்றது. பிரேக்கர் விழும் சத்தம் உங்களுக்குத் தெரியும், ஆனால் பழைய எண்ணெய் பிரேக்கரின் சத்தம் வேறு ரகம். காலுக்குக் கீழே தரை அதிரும். ஆபரேட்டர் ஹம்சா நாற்காலியிலிருந்து எழுந்து போர்டைப் பார்த்தார். காட்டு லைன், தோட்டத்து லைன் இரண்டிலும் கொடி விழுந்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணிச்சு போச்சு மேடம்" என்றார், சர்வசாதாரணமாக.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே யூகலிப்டஸ் மரங்கள் படம் வரைந்ததுபோல் நின்றன. காற்றே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது. பழனிச்சாமி. தோட்டத்து லைனுக்கு நேர் கீழே ஒரு டீக்கடையிலிருந்து பேசினார். காலையிலிருந்து ஆட்களை லைன் நெடுக நிறுத்திவைத்து, கிளை கிளையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏனுங்க மேடம், மறுபடியும் எம்பட லைனுங்களா?"

"ஆமாங்க."

"ஒரு இலைகூட அசையலீங்க மேடம். சத்தியமா அசையலீங்க."

அந்தக் குரலைக் கேட்டு எனக்குச் சங்கடமாகிவிட்டது. அதைவிட அதிகமாக, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆவல் தாங்கவில்லை. இலை அசையாத நாளில் எந்தக் கிளை போய் உரசியது?

காட்டு லைனில் என்ன நடந்தது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூங்கில் ஏற்றி வந்த லாரி ஒன்று வளைவில் கம்பத்தில் இடித்து, கம்பி அறுந்து ரோட்டோரம் விழுந்திருந்தது. நல்லவேளை யாருக்கும் அடியில்லை. ஆக அந்த லைனுக்குக் கொடி விழுந்ததற்கு நியாயம் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தோட்டத்து லைனுக்கு, அந்தப் பக்கம் லாரி இடித்தால் ஏன் வலிக்க வேண்டும்?

ஹம்சாவிடம் கேட்டேன். "எப்பவும் இப்படித்தானா? இது விழும்போதெல்லாம் அதுவும் விழுமா?"

"மழையில அப்படித்தான் மேடம். காத்தடிச்சா ரெண்டு பக்கமும் மரம் விழாதா? வேனல்ல ஆனை வந்து மூங்கிலத் தள்ளிவிடும், அப்போ காட்டு லைன் மட்டுமே போகும்."

"அப்ப தோட்டத்து லைன் விழாம ஓடுமா?"

"ஓடும். அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்றுதான் எல்லோரும் இருந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து விழுந்தால் மழை காரணம். கோடையில் ஒன்று மட்டும் விழுந்தால் யானை காரணம். இரண்டுமே கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. இன்றைக்கோ வெயில் அடிக்கிறது, யானையும் இல்லை, இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன.

சாயங்காலம் கோட்டப் பொறியாளர் ஃபோனில் வந்தார். உத்தரவு தட்டச்சு ஆகிவிட்டது, என் அறிக்கை மட்டும்தான் பாக்கி. ரிலே சரியா, இல்லையா?

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ரிலே சரி. நானே சோதித்தேன். "சரி" என்று எழுதினால் அது பொய்யாகாது, எனக்கும் எந்தத் தொந்தரவும் வராது, இருட்டுவதற்குள் மலையேறி ஊட்டிக்குப் போய்விடலாம். ஆனால் அந்த உண்மையை வைத்துத்தான் ஒரு மனிதரின் வயிற்றில் அடிக்கப்போகிறார்கள். என்னிடம் வேறு விளக்கமும் இல்லை. வெறும் சந்தேகம்தான்.

"ரிலே சரி சார். ஆனா அதுக்கு ஒரு கேள்விதான் கேக்கத் தெரியும். எவ்வளவு மின்சாரம் ஓடுதுன்னு கேக்கும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேக்காது. இத எழுதாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எந்தப் பக்கம் ஓடும்? நம்ம ஸ்டேஷன்லருந்து வெளியதான் ஓடும். ரிவர்ஸ்ல வர அது என்ன பஸ்ஸா?"

"அதத்தான் சார் பாக்கணும்."

அவர் கோபத்தில் என்னென்னவோ சொன்னார். பெண்களை வேலைக்கு எடுத்தால் இப்படித்தான் என்பதும் அதில் ஒன்று. ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், "அடுத்த மழை வரைக்கும் பாருங்க. அன்னிக்கும் அந்த லைன் விழுந்தா உங்க பேரையும் சேத்துத்தான் எழுதுவேன்" என்றார். சரி என்றேன்.

மறுநாள் பழனிச்சாமியும் நானும் தோட்டத்து லைனை ஒட்டி நடந்தோம். அவர் வழக்கம்போல் மேலே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். மண்ணுக்குள் போகிற மின்சாரம் மண்ணிலேயே தங்காது, கிளம்பிய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். நம் நிலையத்து டிரான்ஸ்ஃபார்மரின் நடுப்புள்ளியை மண்ணில் இணைத்திருக்கிறோமே, அதுதான் அது திரும்பும் வழி. இந்த லைனில் வேறு எங்காவது அப்படி இன்னொரு வழி இருக்கிறதா என்று தேடினேன்.

வழியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வந்தது. அதன் கடைசி வீட்டு வாசலில் அகலமான ஓர் அடிமரம், வெட்டுப்பட்ட இடம் இன்னும் மஞ்சளாக இருந்தது. கூடையோடு கொழுந்தெடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா பழனிச்சாமியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வாங்க. இன்னும் ஒரு முருங்கை இருக்கு, அதையும் வெட்டிப்போட்டுப் போறீங்களா?"

பழனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். தள்ளிப் போன பிறகு சொன்னார். அந்த அம்மா ரத்தினம்மா, சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். இந்த லயத்துக்கு வந்ததும் முதல் வேலையாக வாசலில் பலாக் கொட்டை ஊன்றியிருக்கிறார். மழைக்காலத்தில் கையில் காசு இல்லாதபோது பிள்ளைகளுக்கு அந்தப் பலாதான் சோறு. கம்பியிலிருந்து தூரமாகத்தான் இருந்தது. ஆனாலும் லைன் விழுந்துகொண்டே இருக்க, விட்ட மரம் எது என்று தேடித் தேடி, கடைசியில் அதையும் வெட்டிவிட்டார். அந்த அம்மா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார். வெட்டிய மூன்றாம் நாள் லைன் மறுபடி விழுந்தது.

"எங்கயோ ஒரு கெளைய நான் பாக்காம உட்டிருக்கறனுங்க மேடம். கண்ணு முன்னாடிதான் இருக்கும், எனக்குத்தான் தெரியல. வயசாயிப் போச்சுங்க" என்றார். குற்றம் சாட்டுகிறவர்களை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் மேடம் அழுதாங்க என்று கூடலூர் முழுக்கப் பேசுவார்கள் என்பதால், அட்டை கடித்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். நிஜமாகவே இரண்டு அட்டை இருந்தன.

லைன் ஓர் ஓடைக்கரையில் முடிந்தது. கடைசிக் கம்பத்தில் பழனிச்சாமி நின்றுவிட்டார். "அவ்ளோதானுங்க, நம்ம எல்லை முடிஞ்சுது."

எனக்குத் தண்ணீர் விழும் இரைச்சல் கேட்டது. அதோடு சேர்ந்து ஓர் உறுமல். "அது என்னங்க சத்தம்?"

"எஸ்டேட்டு டர்பைனுங்க. தொரைமாருங்க காலத்துல வெச்சது. ஓடைத் தண்ணில ஓடும். அது அவங்க சொத்துங்க, நாங்க அந்தப் பக்கம் போறதில்லீங்க."

நம் லைன் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் வந்துவிடும். எல்லைக் கம்பம் வரை கம்பியைத் தாங்கும் ஒவ்வொரு பீங்கானையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியும். அதற்கு அடுத்த அடியில் என்ன இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ரிலே பிரிவில் இருந்த நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம்? எங்கள் எல்லை போர்டோடு முடிந்தது. அந்த டர்பைனை நம் லைனோடு சேர்த்து ஓட்ட முந்தைய வருட மழை முடிந்த பிறகு வேறொரு பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் எல்லையைத் தாண்டி இறங்கினேன். ஷெட்டுக்கு வெளியே வேலிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். நம் லைன் பக்கத்து நடுப்புள்ளியிலிருந்து கட்டை விரல் அகலத்துக்கு ஒரு செம்புப் பட்டை நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் தொலைந்த நகை கிடைத்ததுபோல் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

டர்பைன் பார்க்கும் ஆள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இது வருசம் பூரா ஓடுமாங்க?" என்று கேட்டேன்.

"எங்கீங்க? மழை புடிச்சு ஓடையில தண்ணி வந்தா சுவிட்சப் போட்டு உங்க லைனோட சேத்துருவோம். தண்ணி வத்துனா கழட்டிருவோம்."

"நேத்து வெயிலடிச்சுதே?"

"வெயிலடிச்சா தண்ணி நின்னுருமாங்க? ஓடை நொப்பும் நுரையுமாப் போகுது பாருங்க."

பழனிச்சாமிக்கு நான் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து விளக்கினேன். காட்டு லைனில் கம்பி மண்ணில் விழுகிறது. மின்சாரம் மண்ணுக்குள் போகிறது. அதில் ஒரு பங்கு நம் நிலையத்து நடுப்புள்ளி வழியாகத் திரும்புகிறது. இன்னொரு பங்கு இந்தச் செம்புப் பட்டை வழியாக ஏறி, தோட்டத்து லைனில் பின்னோக்கி ஓடி, நிலையத்துக்குப் போய், அங்கிருந்து காட்டு லைனுக்குத் திரும்புகிறது. தோட்டத்து லைன் ரிலே பாவம், எஸ்டேட் கேட்டில் நிற்கும் ஒரு ரக வாட்ச்மேன் மாதிரி. இத்தனை பேர் கடந்தார்கள் என்று எண்ணத்தான் தெரியும். உள்ளே வந்தார்களா, வெளியே போனார்களா என்று பார்க்காது. ஆள் அதிகமானால் விசில் ஊதிவிடும்.

அவர் வெகுநேரம் செம்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாங்களா மேடம்?" என்றார். நிரூபித்தால்தான் நிஜம் என்றேன்.

நிரூபிக்க ஒரே வழி, டர்பைனை அந்த டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து லைனிலிருந்து கழற்றிவிட்டுக் காட்டு லைனில் கோளாறு வருகிறதா என்று காத்திருப்பது. எஸ்டேட் மேனேஜர் பொங்கிவிட்டார். "உங்க கரண்டு நிக்குதுன்னு நாங்க கம்ப்ளெயின்ட் குடுத்தா, எங்க கரண்டையும் நிறுத்தச் சொல்றீங்களே மேடம், இது அடுக்குமா?" அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒரே ஒரு மழை, அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கழற்ற வைத்தேன்.

அப்புறம் பாருங்கள் வேடிக்கையை. கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்த கூடலூரில் மழையையே காணோம். நான் தினமும் ஜீப்பில் இறங்கி வந்து கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பேன். எங்காவது ஒரு மரம் விழுந்து தொலைக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்ட ஒரே மின்பொறியாளர் நானாகத்தான் இருப்பேன். கோட்டப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து தினம் ஃபோன். "என்னாச்சு?" "மழை வரலீங்க சார்." என் சந்தேகம் தப்பாக இருந்தால் பழனிச்சாமிக்கு நான் கொடுத்தது வீண் ஆசை.

ஒருநாள் மத்தியானம் மழை வந்தது. மேற்கே கறுத்து, பத்து நிமிடத்தில் தகரக் கூரை பேசவிடாத அளவுக்கு மழை. பழனிச்சாமி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் கயிறும் வைத்திருக்கும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கன்ட்ரோல் ரூம் கதவோரம் வந்து நின்றார். ஏன் என்று கேட்டேன். "எப்படியும் போகணுமுங்களே" என்றார்.

டமார்.

சத்தம் கேட்டதும் அவர் போர்டைப் பார்க்கவேயில்லை. ஒரு கை கதவைத் திறந்துவிட்டது, ஒரு கால் மழையில் இறங்கிவிட்டது.

"பழனிச்சாமி அண்ணே, எங்க போறீங்க?" என்று ஹம்சா கத்தினார். "உங்க லைன் இல்ல! இங்க பாருங்க!"

அவர் திரும்பினார். காட்டு லைன் ரிலேயில் ஆரஞ்சுக் கொடி விழுந்திருந்தது. தோட்டத்து லைனில் கொடி இல்லை. பிரேக்கர் மூடியிருக்கிறது, லைன் ஓடுகிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அவர் சொட்டச் சொட்ட அதன் எதிரே வந்து நின்று பார்த்தார்.

"அப்ப அந்தப் பலா மரம்?"

ஹம்சா பதிவேட்டை எடுத்து நேரத்தைக் குறித்தார்.

ஒரு தடவை போதாது என்று எனக்குத் தெரியும். அடுத்தடுத்த மழைகளில் அப்படியே நடந்தது. பிறகு டர்பைனை மறுபடி இணைக்கச் சொன்னேன். "நல்லா இருக்கறத ஏனுங்க மேடம் கெடுக்கறீங்க?" என்று பழனிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். நான் விடவில்லை. இணைத்த பிறகு வந்த முதல் காற்றிலேயே இரண்டு கொடியும் சேர்ந்து விழுந்தன. கொடி விழுந்ததற்காகக் கைதட்டிய ஒரே ஆபரேட்டர் ஹம்சாவாகத்தான் இருப்பார்.

கோட்டப் பொறியாளர் எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டார். பிறகு தட்டச்சு செய்து வைத்திருந்த உத்தரவைக் கிழித்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் தோட்டத்து லைனுக்குத் திசை பார்க்கும் ரிலே வாங்க அவரே சென்னை வரை போய்ச் சண்டை போட்டார். பிற்பாடு என்னிடம், "ரிவர்ஸ்ல பஸ் வருதாம்மா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

திசை பார்க்கும் ரிலேயைப் பற்றி உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லா லைனிலும் அதை மாட்டக் கிளம்பிவிடாதீர்கள். திரும்பும் வழி ஒன்றே ஒன்று இருக்கும் லைனுக்கு, அளவை மட்டும் பார்க்கும் சாதாரண ரிலே தாராளமாகப் போதும். கெட்டுப்போக அதில் பாகங்களும் குறைவு. இன்னொன்று, திசை பார்க்கும் ரிலேக்கு மின்னோட்டம் மட்டும் போதாது, எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டுப் பார்க்க மின்னழுத்தமும் வேண்டும். அந்த இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் அது நல்லவனைப் பிடித்துக் கெட்டவனை விட்டுவிடும், அதுவும் ரொம்ப நம்பிக்கையோடு. வரைபடத்தில் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ஓடுகிற லைனில் வைத்து நீங்களே பாருங்கள்.

புது ரிலே மாட்டி, டர்பைனும் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் செம்புப் பட்டையின் இணைப்பைப் பார்க்கப் பழனிச்சாமியோடு போனேன். லயத்தின் கடைசி வீடு வந்ததும் அவர் நின்றுவிட்டார். வழக்கமாக வேகமாகக் கடந்துவிடும் இடம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரத்தினம்மா அடிமரத்தின் மேல் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் நின்றார்.

"அம்மா, லைன் நின்னதுக்கு உங்க மரம் காரணம் இல்லீங்க. வேற எங்கயோ கோளாறு. இப்பத்தான் தெரிஞ்சுது. நான்தான் அவசரப்பட்டு வெட்டிப்போட்டனுங்க" என்றார் பழனிச்சாமி.

அந்த அம்மா கத்துவார் என்றுதான் நான் நினைத்தேன். கத்தியிருந்தால் பழனிச்சாமிக்கு நன்றாக இருந்திருக்கும். ரத்தினம்மா அடிமரத்தைப் பார்த்தார், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டப் போறாங்கன்னு தோட்டத்துல பேசிக்கிட்டாங்களே. அது என்னாச்சு?"

"நிப்பாட்டலீங்க அம்மா."

"சரி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மழையில நிக்காதீங்க. காம்பராவுக்கு உள்ள வாங்க, தேத்தண்ணி இருக்கு" என்று கதவைத் திறந்துவிட்டார்.

பழனிச்சாமி உள்ளே போய் உட்கார்ந்து, அந்தத் தேத்தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.